ஃபோர்ஜிங் என்பது ‘உருக்கி அடித்தல்’ அன்று

உற்பத்திச் செயல்முறைகளைத் தமிழில் விளக்கும் பாடக் குறிப்புகளிலும் காணொளிகளிலும், உலோகத்தை அடித்தோ அழுத்தியோ வடிவமாக்கும் ஃபோர்ஜிங் என்பதற்கு ‘உருக்கி அடித்தல்’ என்ற தொடர் மீண்டும் மீண்டும் வருகிறது. உருகிய உலோகத்தை அடிக்க முடியாது, அடித்தால் தெறிக்கும். எஃகு உருகுவதற்கு 1,400 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். ஃபோர்ஜிங்கிற்காக அதைச் சூடாக்குவதோ பெரும்பாலும் 1,100 முதல் 1,250 டிகிரி வரைதான். அந்த நிலையில் எஃகு ஒளிர்ந்து இளகியிருக்குமே தவிர, திண்மமாகவே இருக்கும். எஃகுக்கு உருக்கு என்றும் ஒரு பெயர் இருப்பது இந்தக் குழப்பத்துக்கு வழிவிட்டிருக்கலாம். காரணம் எதுவானாலும், நீர்மத்தை அச்சில் ஊற்றுவது வார்ப்பு, திண்மத்தை விசையால் உருமாற்றுவது ஃபோர்ஜிங் என்று முதலாண்டு மாணவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய வேறுபாட்டையே இந்தத் தொடர் அழித்துவிடுகிறது.

சம்மட்டியின் அடியாலோ அழுத்து எந்திரத்தின் அழுத்தத்தாலோ திண்ம உலோகம் நெகிழ்ந்து புது வடிவம் கொள்வதே ஃபோர்ஜிங். வடிவம் மாறும்போது உலோகத்தின் நுண்பரல்களும், அதாவது அது ஆக்கப்பட்டிருக்கும் சிறு படிகங்களும், அந்த வடிவத்தின் போக்கிலேயே நீண்டு அமைகின்றன. உள்ளிருக்கும் நுண்துளைகள் நெரிந்து மூடிக்கொள்கின்றன. திரும்பத் திரும்ப விசை தாங்க வேண்டிய இணைப்புத் தண்டு, பாரந்தூக்கிக் கொக்கி, திருகுச்சாவி போன்றவற்றை இம்முறையில் செய்வதற்கு இதுவே காரணம்.

சொல்லின் பிறப்பு எளியது. லத்தீனில் ‘ஃபாபெர்’ என்றால் கைவினைஞன், ‘ஃபாப்ரிகா’ என்றால் அவனுடைய பட்டறை. அது பழைய பிரெஞ்சில் ‘ஃபோர்ஜ்’ எனத் தேய்ந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஆக்குவது என்ற பொருள் போலியாக ஆக்குவது என்றும் கிளைத்ததால் ஃபோர்ஜரி பிறந்தது; தமிழில் மாலையையும் புனைகிறோம், பொய்யையும் புனைகிறோம் அல்லவா, அதுபோல. இந்தக் கிளையை அறியாத கணினி மொழிபெயர்ப்பு, எந்திரவியல் பாடத்தின் நடுவே ஃபோர்ஜிங்கை ‘மோசடி’ ஆக்கிவிடுவதும் உண்டு. அதைப் படிப்பவர் சிரித்துவிட்டுக் கடந்துபோவார். ‘உருக்கி அடித்தல்’ அப்படி எளிதில் பிடிபடுவதில்லை.

சற்றுக் கவனமாக எழுதுவோர் ‘காய்ச்சி அடித்தல்’ என்கிறார்கள். கொல்லுலையை மட்டும் மனத்தில் வைத்துப் பார்த்தால் அது பிழையில்லை. ஆனால் கலைச்சொல் என்பது ஒரு காட்சியின் வருணனை அன்று; அந்த வினையின் எல்லா வகைகளையும் தாங்க வேண்டிய பெயர். மரையாணியின் தலை பெரும்பாலும் அறை வெப்பநிலையிலேயே, கம்பியின் நுனியை அச்சுக்குள் இடித்துப் பருக்கவைத்து உருவாக்கப்படுகிறது. இது ஃபோர்ஜிங்கின் குளிர்நிலை வகை. இதற்கு ‘குளிர்நிலைக் காய்ச்சி அடித்தல்’ என்று பெயர் சூட்டி, அதைப் பாடநூலிலும் அச்சேற்றிவிட்டு, காய்ச்சினால் குளிர்நிலை எப்படி என்று கேட்கும் மாணவரை மந்தமானவர் என்று கருதுவது என்ன நியாயம்?

‘காய்ச்சி’ என்பதில் இன்னும் ஆழமான இடறல் உண்டு. உலோகவியலில் சூடு, குளிர் என்ற பிரிவு கைக்குத் தெரியும் சூட்டை வைத்துச் செய்யப்படுவதன்று. உருக்குலைந்த பரல்கள் புதுப் பரல்களாகத் தாமே திரும்ப அமையும் வெப்பநிலைக்கு மேலே நடந்தால் சூட்டுவினை. கீழே நடந்தால் குளிர்வினை. ஈயத்துக்கு அந்த எல்லை அறை வெப்பநிலைக்கும் கீழே இருப்பதால், அடுப்பையே காணாத ஈயத்துண்டைச் சுத்தியலால் தட்டுவதும் சூட்டுவினையே. டங்ஸ்டனையோ 1,000 டிகிரியில் செக்கச்சிவக்கக் காய்ச்சி அடித்தாலும் அது குளிர்வினையாகவே கொள்ளப்படும். சூட்டையே பெயருக்குள் பொதித்துவிட்ட சொல்லை வைத்துக்கொண்டு இதை எவ்வாறு கற்பிப்பது? ‘அடித்தல்’ என்ற பாதியும் முழுக்கப் பொருந்தாது. நீரியல் அழுத்து எந்திரம் அடிப்பதில்லை, மெதுவாக அழுத்துகிறது. அதனால்தான் தடித்த கட்டிகளின் நடுப்பகுதி வரை உருமாற்றம் சென்று சேர்கிறது.

இத்தனைக்கும் நம்மிடம் பழைய சொல் இருக்கிறது. ‘வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே’ என்று புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் பாடுகிறார். அங்கே வடித்தல் என்பது கூராக்குதல் மட்டுமே என்பவர்கள், வேலின் கூர் எப்படி வருகிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். கொல்லர் கம்பியின் முனையை உலைக்கல்லின்மேல் வைத்து அடிக்கிறார். கால்சுற்றுத் திருப்பி மறுபடி அடிக்கிறார். ஒவ்வோர் அடிக்கும் குறுக்கே மெலிந்து நெடுக்கே நீள்கிறது உலோகம். அரத்துக்கு அதன் பிறகுதான் வேலை. பொறியியல் பாடத்தில் ஃபோர்ஜிங்கின் முதல் அடிப்படைச் செயலாகச் சொல்லப்படும் நீட்டலும் இதுவே.

வடித்தலுக்குக் குறையே இல்லை என்று வாதிட முடியாது. கண்ணீரையும் வடிக்கிறோம், கல்லைச் செதுக்குவதையும் சிலை வடித்தல் என்கிறோம். முதலாவது பெரிய இடையூறு அன்று, பாடத்தின் சூழலே அதை விலக்கிவிடும். இரண்டாவதுதான் உண்மையான சிக்கல், ஏனெனில் செதுக்கும்போது பொருள் வெட்டி நீக்கப்படுகிறது, ஃபோர்ஜிங்கிலோ இருக்கும் உலோகம் இடம்பெயர்கிறது. ஆயினும் வெட்டி நீக்குவதற்குச் செதுக்கல், கடைசல், இழைப்பு என்று தனித்தனிச் சொற்கள் ஏற்கெனவே நிலைபெற்றிருப்பதால், உற்பத்திப் பாடத்துக்குள் ‘வடிப்பு’ என்பதை ஃபோர்ஜிங்கிற்கே ஒதுக்கிவிடலாம். சூட்டு வடிப்பு, குளிர் வடிப்பு, அழுத்து வடிப்பு, மூடிய அச்சு வடிப்பு என்று அடைமொழி சேர்க்கும்போது எதுவும் முரண்படவில்லை என்பதே என் முதன்மையான வாதம். சொல் சங்க காலத்தது என்ற பெருமை அதற்கு அடுத்ததுதான்.

பட்டறையை எட்டிப் பாராமல் அகராதியை மட்டும் புரட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் மீது எனக்குள்ள வருத்தமும் இதுதான். தனித்தமிழை விரும்பும் நானே, பொருளைத் திரிக்கும் தமிழ்த் தொடரைவிட ஃபோர்ஜிங் என்ற கடன்சொல்லை ஏற்பேன். அது எதையும் விளக்காவிட்டாலும் தவறாக விளக்குவதில்லை. ‘உருக்கி’ என்று படித்த மாணவர், இச்செயல்முறையின் குறைபாடுகளை எழுதச் சொன்னால் வளிமக் குமிழி, உறையும்போது ஏற்படும் சுருக்கக் குழி என்று வார்ப்பின் குறைபாடுகளையே வரிசையாக எழுதுகிறார். மேற்பரப்பு மடிந்து உள்ளே அமுங்கிக்கொள்வதும், அச்சின் மூலைகள் நிரம்பாமல் போவதும், ஆறிப்போன உலோகத்தை அடித்ததால் விளிம்பு வெடிப்பதும் அவர் விடைத்தாளில் இடம்பெறுவதே இல்லை.