வடக்கே போகும் ஹரிகேனுக்கு என்ன அவசரம்?

நாம் புயல் என்பதைத்தான் அட்லாண்டிக் பக்கம் ஹரிகேன் என்கிறார்கள். அதற்குத் தீனி வெதுவெதுப்பான கடல்நீர், ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியஸ் வேண்டும். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் நியூ இங்கிலாந்து கரையோரக் கடலோ கோடையிலும் குளிர்ந்துதான் கிடக்கும். எந்தப் புயலும் அங்கே போய்ச் சேருமுன் சோர்ந்துவிட வேண்டும். பெரும்பாலும் சோர்ந்துதான் போகிறது.

சரி, சோர்வதற்குள் ஓடிப் போய்ச் சேர்ந்துவிட்டால்?

1938 செப்டம்பர் 21 அன்று அதுதான் நடந்தது. காலையில் வட கரோலினாவுக்கு அப்பால் கடலில் இருந்த புயல், பிற்பகலில் நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்ட் தீவில் ஏறி, நியூ இங்கிலாந்தின் கனெக்டிகட் மாநிலத்துக்குள் புகுந்துவிட்டது. வெப்பமண்டலத்தில் மணிக்கு 15, 20 கி.மீ. நகர்வதே வழக்கம். இதை உயரே வடக்கு நோக்கி ஓடிய காற்றோட்டம் வாரிக்கொண்டு போனதில், வேகம் 75 கிலோமீட்டரைத் தொட்டது. வாஷிங்டன் வானிலை அலுவலகத்தில் சார்லஸ் பியர்ஸ் என்ற இளையவர் ஒருவர்தான் அது நேரே வடக்கே போகும் என்றார். மூத்தவர்கள் கேட்கவில்லை. அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

அவசரத்தால் இன்னொரு கேடும் உண்டு. புயல் இடஞ்சுழியாகச் சுற்றுவதால், அது போகும் திசைக்கு வலப்புறத்தில் சுழற்சியும் ஓட்டமும் ஒன்று சேரும். இடப்புறத்தில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். சுழற்சி 150, ஓட்டம் 75 என்று வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் 225, மறுபக்கம் வெறும் 75. (நிஜத்தில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது.) அன்று வலப்புறம் அகப்பட்டது பக்கத்து மாநிலமான ரோட் ஐலண்ட். குடா ஒரு புனல் போலக் குறுகும் இடத்தில் இருக்கிறது பிராவிடன்ஸ் நகரம். கடல் ஏறி வந்து அதன் கடைவீதியை மூழ்கடித்தது. பாஸ்டனுக்குத் தெற்கே, ப்ளூ ஹில் ஆய்வகத்தில் ஒரு வீச்சு மணிக்கு 299 கி.மீ. என்று பதிவானது.

புயல் என்பது சுழலும் காற்று என்று புரியவைத்ததில் இதே மண்ணுக்குப் பங்கு உண்டு. 1821 புயலுக்குப் பிறகு கனெக்டிகட்காரர் வில்லியம் ரெட்ஃபீல்டு ஊர் ஊராக நடந்தபோது, ஓரிடத்தில் மரங்கள் வடமேற்காகத் தலைசாய்ந்து கிடந்தன. மேற்கே போகப் போக அவை தென்கிழக்கே பார்த்துக் கிடந்தன. நேராக வீசும் காற்று அப்படித் தள்ளாதே! 1831இல் அதை எழுதி வெளியிட்டார். தொழிலால் அவர் குதிரைச் சேணம் தைப்பவர்.

அதற்கும் முந்தைய கதையைச் சேறு வைத்திருக்கிறது. பெரும் புயல் கரை மணலை வாரி, பின்னாலுள்ள உப்புச் சதுப்பில் கொட்டிவிடும். அப்புறம் அதன்மேல் கறுப்புச் சேறு படியும். ரோட் ஐலண்டின் சக்கோடாஷ் சதுப்பில் குழாயை இறக்கி எடுத்தால், கறுப்புக்கு நடுவே வெளுப்பாக மணல் பட்டைகள். 1954இன் கரோல் என்ற புயல், 1938, 1815 புயல்கள், ஆங்கிலேயர் வந்து குடியேறிய புதிதில் 1630களில் அடித்தது என்று ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. அவற்றுக்கும் கீழே, எழுதி வைக்க ஆளில்லாத காலத்துப் பட்டைகளும் தெரிகின்றன.