பட்டி கடித்தால் பட்டியாவோமா?

போன கோடை லீவில், கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்து வீட்டில் என் பையன் ‘தி ஷாகி டாக்’ படத்தை ஓடவிட்டிருந்தான். 2006இல் வந்த டிஸ்னி படம். டிம் ஆலன் அதில் ஒரு அரசு வக்கீல். ஒரு நாய் அவரைக் கடித்துவிடும். அப்புறம் அவரே சடை நாயாக மாறிப் பிள்ளைகள் முன்னால் நிற்பார். பக்கத்தில் பயறு உரித்துக்கொண்டிருந்த என் அம்மை நிமிர்ந்து பார்த்தாள்.

“இதுல என்னலே மக்கா அதிசயம்? பேப்பட்டி கடிச்சா மனுசன் பட்டியாட்டுத்தான் ஆவான். அந்தக் காலத்துல பால்வெட்டுக்குப் போன ஒருத்தன் குரைச்சுக் குரைச்சே செத்தான்.”

எங்கள் பக்கம் நாயைப் பட்டி என்போம். வெறி பிடித்தது பேப்பட்டி. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவர்களுக்குப் பாம்புக்கு அடுத்த பயம் இதுதான்.

இந்தப் படம் ஒரு மறு ஆக்கம். மூலப் படம் 1959இல் வந்தது. அதில் நாயாக மாறுவது அப்பா இல்லை, பையன். காரணம் ஒரு மந்திர மோதிரம். 2006இல் மோதிரத்தை எடுத்துவிட்டுக் கடியை வைத்தார்கள். நாயின் மரபணு மனிதனுக்குள் புகுந்துவிட்டதாகக் கதை. தற்செயலா தெரியவில்லை, அதற்குச் சில மாதம் முன்பு, 2005 டிசம்பரில்தான் நாயின் முழு மரபணுத் தொகுதி வெளியாகியிருந்தது. டாஷா என்ற பாக்ஸர் இனப் பெண் நாயுடையது. 39 ஜோடி குரோமோசோம், அவற்றில் சுமார் 240 கோடி டிஎன்ஏ எழுத்து.

சரி, அந்த எழுத்தெல்லாம் எச்சில் வழியே நமக்குள் வந்துவிடாதா? வரும். நாயின் எச்சிலில் அதன் செல்கள் மிதக்கின்றன, அவற்றில் டிஎன்ஏ இருக்கிறது. ஆனால் காயத்துக்குள் விழுந்ததுமே அதை நறுக்கித் தள்ளும் நொதிகள் நம் உடம்பில் உண்டு. மிச்சத்தை வெள்ளணுக்கள் விழுங்கிவிடும். தப்பிப் பிழைத்தாலும் செல்லின் சவ்வைத் தாண்டி, உட்கருவுக்குள் போய், சரியான இடத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதுவும் ஒன்றில் இல்லை, உடம்பிலுள்ள முப்பது லட்சம் கோடிக்கும் மேற்பட்ட செல்களில். வயிற்றுக்குப் போவதும் கிட்டத்தட்ட இதே கதைதான். சாளை மீனும் மரச்சீனிக் கிழங்கும் தின்றே வளர்ந்த ஊர் இது. யாருக்கும் செதிளும் முளைக்கவில்லை, வேரும் விடவில்லை.

இன்னொன்று, வால் வேண்டுமென்றால் கருவிலேயே கேட்டிருக்க வேண்டும். ஐந்தாறு வாரக் கருவாக இருக்கும்போது நமக்கும் ஒரு குட்டி வால் இருக்கிறது. பிறகு அது கரைந்துபோகிறது. வளர்ந்து முடிந்த ஆளின் மரபணுவைத் திருத்துவதால் எலும்பு திரும்ப மடங்கி நாலு காலாகிவிடாது.

ஆக, அந்த வக்கீல் நாயாக மாற வழியே இல்லை. ஆனால் அம்மை சொன்ன பால்வெட்டுக்காரர்? அவர் குரைத்தது பொய்யா?

பொய்யில்லை. இங்கேதான் திரைக்கதைக்காரர்கள் கோட்டைவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் சுமார் இருபதாயிரம் மரபணுக்களைக் கொண்டு செய்ய நினைத்ததை, ஐந்தே ஐந்து மரபணுவை வைத்துக்கொண்டு ஒன்று செய்துகொண்டிருக்கிறது. பேப்பட்டிக்கு வெறி பிடிக்க வைக்கும் ரேபிஸ் வைரஸ். துப்பாக்கிக் குண்டின் வடிவம். மேலே கொழுப்பாலான ஒரு உறை.

கடித்த இடத்தின் தசையில் அது முதலில் தங்குகிறது. நரம்பும் தசையும் சந்திக்கும் முனையைப் பிடித்து நரம்புக்குள் ஏறுகிறது. நரம்புச் செல்லுக்குள் நுனிக்கும் நடுவுக்கும் இடையே எந்நேரமும் சரக்குப் போய்வரும் ஒரு பாதை உண்டு. திரும்பி வரும் வண்டியில் இது டிக்கெட் இல்லாமல் தொற்றிக்கொள்கிறது. இரத்தத்தில் அதிகம் தலைகாட்டாததால் நோயெதிர்ப்புப் படைக்கு விஷயம் தெரிவதே இல்லை. மெதுவான பயணம்தான். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். காலில் கடித்தால் தூரம் அதிகம், முகத்தில் கடித்தால் குறைவு. முகக் கடியைக் கண்டு டாக்டர்கள் பதறுவது அதனால்தான்.

மூளைக்குப் போனபின் அது உட்கருவைத் தொடுவதில்லை, நம் டிஎன்ஏவில் ஒரு எழுத்தையும் மாற்றுவதில்லை. ஆனாலும் ஆளை மாற்றிவிடுகிறது. இறந்தவரின் மூளையைப் பார்த்தால் இவ்வளவு கொடுமைக்கு ஏற்ற சேதம் தெரியாது. செல்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும், வேலைதான் குழம்பிப்போயிருக்கும். பிறகு அங்கிருந்து நரம்பு வழியாகவே எச்சில் சுரப்பிக்கு இறங்குகிறது. நாய்க்கு வெறி ஏறுகிறது, விழுங்கவும் முடியவில்லை. வைரஸ் நிறைந்த எச்சில் வாயிலேயே நிற்கிறது. அடுத்த கடிக்கு எல்லாம் தயார்.

மனிதனுக்கும் அதேதான். ஒரு வாய் தண்ணீர் விழுங்கப் போனால் தொண்டைத் தசையும் மூச்சுத் தசையும் சேர்ந்து இழுத்துக்கொள்ளும். போகப்போகத் தம்ளரைப் பார்த்தாலே, தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டாலே இழுக்கும். மின்விசிறிக் காற்று முகத்தில் பட்டாலும் இழுக்கும். குரல்வளை இறுகிய நிலையில் மூச்சு திமிறும்போது ஒரு கரகரத்த சத்தம், விட்டு விட்டு வரும். வாசலுக்கு வெளியே நிற்பவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? அம்மையின் காதில் விழுந்த மாதிரிதான். அறிகுறி தொடங்கிவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை.

மெதுவாகப் போவதுதான் அந்த வைரஸின் பலவீனமும்கூட. கடித்த பிறகு தடுப்பூசி போட்டாலும் வேலை செய்கிற அபூர்வ நோய் இது. 1885 ஜூலை 6ஆம் தேதி ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்குப் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் ஊசி போட ஆரம்பித்ததும் இந்த இடைவெளியை நம்பித்தான். அம்மை காலத்து ஊசி ஆட்டு மூளையில் வளர்த்தது, வயிற்றில் போடுவது. “தொப்புளைச் சுத்திப் பதினாலு” என்று அவள் இன்னும் வயிற்றைத் தடவிக்கொள்வாள். இந்தியாவில் அதன் தயாரிப்பை 2004 வாக்கில் நிறுத்திவிட்டார்கள். இப்போது கையில்தான், நாலைந்து தடவை. காயம் ஆழமென்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற தயார் எதிர்ப்புப் பொருளையும் செலுத்துவார்கள்.

படம் பார்த்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, பக்கத்து வீட்டுச் சின்னவனைத் தெருப்பட்டி கெண்டைக்காலில் பிடித்துவிட்டது. நான் போவதற்குள் அம்மை மிளகாய்ப்பொடி டப்பாவோடு நின்றாள். வாங்கி ஓரமாக வைத்தேன். மிளகாய்ப்பொடி புண்ணை எரிக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது. சாதாரண சோப்பு செய்யும். மீன் சட்டியின் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பது போல அந்தக் கொழுப்பு உறையைக் கரைத்துவிடும். உறை போனால் வைரஸால் எந்த நரம்பிலும் ஏற முடியாது.

பைப்படியில் உட்காரவைத்து, துணி சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவினோம். அவன் அலறல் முக்கு வரைக்கும் கேட்டிருக்கும். “இத்தற நேரமா? அரி வெந்துருமே” என்று அம்மை முணுமுணுத்தாலும், அடுக்களைக் கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரி. கொடுத்த சீட்டில் 0, 3, 7, 28 என்று இருந்தது. முதல் ஊசி போட்ட நாள்தான் பூஜ்யம். திரும்பி வந்ததும் அம்மை அந்த நாலு தேதியையும் எங்கள் வீட்டுக் காலண்டரிலும் வட்டம் போட்டு வைத்தாள். மூன்றாவது ஊசிக்கு அவனைக் கூட்டிப்போனது அவள்தான்.