தாய் தரும் மதம், தந்தை தரும் குலம்

"யூதர்களுக்குத் தாய்வழிதான் முக்கியம் என்கிறார்கள். புரோகிதர் பட்டம் மட்டும் அப்பாவிடமிருந்து வருவது எப்படி?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இரண்டும் உண்மைதான். மரபான சமயச் சட்டப்படி, தாய் யூதர் என்றால் பிள்ளையும் யூதர். கோஹேன் (புரோகிதர்), லேவி (ஆலய ஊழியர்), இஸ்ரவேலர் (மற்றவர்கள்) என்ற குலமோ தந்தையைப் பார்த்து வரும். மோசேயின் அண்ணன் ஆரோனின் ஆண்வழி வாரிசுகளே கோஹேன்கள் என்பது மரபு. மகளின் பிள்ளைக்கு அந்தப் பட்டம் போகாது. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்து பலி நின்றுபோனாலும், தொழுகைக் கூடத்தில் தோரா என்ற வேதநூலை வாசிக்க முதலில் அழைக்கப்படுபவர் இன்றும் கோஹேன்தான்.

சிறுநீரக மருத்துவர் கார்ல் ஸ்கோரெக்கியும் ஒரு கோஹேன். ஐரோப்பிய வழி யூதர். ஒருநாள் வட ஆப்பிரிக்க வழி வந்த கோஹேன் ஒருவர் வாசிக்க எழுந்ததைப் பார்த்தார். இருவருக்கும் ஆதிப் பாட்டன் ஒருவரே என்றால், உடம்பில் ஏதாவது ஒத்துப்போக வேண்டுமே? ஆராய்ச்சி நிதிக்கான விண்ணப்பப் படிவம் எதிலும் பிறந்திருக்க முடியாத கேள்வி!

ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் என்பது பள்ளிப் பாடம். எனக்குப் பிடித்தது அதில் நேரும் பிழைதான். அதில் சில இடங்களில் மூன்று நான்கு டி.என்.ஏ. எழுத்துகள் ஒரு சொல் போலத் திரும்பத் திரும்ப வரும். ஒரே சொல் பதினான்கு முறை வரும் ஏட்டைப் படியெடுப்பவர் கண் தவறிப் பதினைந்தாக எழுதிவிடுவதில்லையா? அப்படித்தான் இங்கும், எப்போதோ சில நூறு தலைமுறைக்கு ஒருமுறை. அதன் பிறகு வருபவர்கள் அந்தப் பதினைந்தையே படியெடுப்பார்கள்.

1998இல் ஸ்கோரெக்கியும் கூட்டாளிகளும் இப்படி ஆறு இடங்களில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். 14, 16, 23, 10, 11, 12 என்ற வரிசை, இரு வழிக் கோஹேன்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இருந்தது. மற்ற யூதர்களிடம் குறைவு. சேர்ந்திருந்த பிழைகளை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால், பொது மூதாதை வரை 106 தலைமுறை. தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் 2,650 ஆண்டு. 30 என்றால் 3,180. உடனே 'ஆரோனின் மரபணு' என்று கொண்டாடியவர்கள் மீதிப் பாதியை மறந்துவிட்டார்கள். 2009இல் கூடுதல் இடங்களைப் பார்த்தபோது கோஹேன்களுக்குள்ளேயே பல ஆண்வழிகள் தெரிந்தன.

ரத்தப் பெருமை பேசுவோருக்கு ஒரு கணக்கு: பத்துத் தலைமுறைக்கு முன் உங்களுக்கு 1,024 மூதாதையர் இடங்கள். ஒய் குரோமோசோம் சொல்வது அவற்றில் ஒன்றின் கதையை மட்டும்.

சட்டமும் அதைக் கேட்பதில்லை. மணமுறிவு பெற்ற பெண்ணைக் கோஹேன் மணக்கக் கூடாது. மீறி மணந்தால், பிறக்கும் மகனிடம் அதே ஒய் இருக்கும், பட்டம் இருக்காது.