புள்ளிக்கு வால் முளைத்தால் சைட்டைக் குறை சொல்லாதீர்கள்

மலேசியாவின் பகாவ் டவுனில் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்குப் போன மாதம் ஓர் அண்ணன் வந்தார். பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது சனிக்கிழமைகளில் துப்பாக்கி சுடும் கிளப்பில் பாயிண்ட் 22 ரைபிள் சுடுகிறார். துணியில் சுற்றி வைத்திருந்த ரெட் டாட் சைட் ஒன்றை, அதாவது துப்பாக்கியின் மேல் பொருத்திச் சிவப்புப் புள்ளியால் குறிபார்க்கும் கருவியை, எடுத்து மேசையில் வைத்தார். “தம்பி, புள்ளி ரவுண்டா இல்ல. வால் வச்ச மிளகாய் மாதிரி இருக்கு. திருப்பிக் கொடுக்கறதுக்கு முன்னால நீ ஒரு தடவ பாத்துச் சொல்லு” என்றார். பார்த்தேன். எனக்கு நல்ல வட்டமாகத் தெரிந்தது.

“அண்ணே, எதிர்ச் சுவரைப் பாத்துக்கிட்டே சைட்டை மெதுவா சுத்துங்க” என்றேன். சைட் சுற்றியது, வால் சுற்றவில்லை. “இப்போ சைட்டை அசைக்காம தலையை மட்டும் சாய்ங்க.” தலையோடு சேர்ந்து வாலும் சாய்ந்தது. சைட்டில் கோளாறு இருந்தால் சைட்டைச் சுற்றும்போது வாலும் சுற்றியிருக்க வேண்டும். அது தலையோடு போகிறது என்றால் வால் இருக்கும் இடம் கண்.

இதற்குப் பாடப் புத்தகப் பெயர் பார்வைச் சிதறல் குறைபாடு. டாக்டர்கள் அஸ்டிக்மாட்டிசம் என்பார்கள், நம் ஊர்க் கடைகளில் ‘சீலாவ்’ என்று மலாயில் சொன்னால்தான் பாதிப் பேருக்குப் புரியும். இரவில் தோட்டத்துச் சாலையில் எதிரே வரும் செம்பனை லாரியின் விளக்கிலிருந்து மேலும் கீழும் நீளமாகக் கோடு பாய்வதுபோல உங்களுக்குத் தெரிந்தால், அந்தக் கோடும் இந்தப் புள்ளியின் வாலும் பெரும்பாலும் ஒன்றுதான்.

வீட்டில் இருக்கும் சாப்பாட்டுக் கரண்டியின் முதுகை விரலால் தடவிப் பாருங்கள். நீளவாக்கில் வளைவு மெதுவாகப் போகும், குறுக்குவாக்கில் சட்டென்று வளையும். கண்ணின் முன்னால் இருக்கும் கார்னியா என்ற படலம் பந்தின் மேற்பரப்பைப் போல எல்லாத் திசையிலும் ஒரே அளவாக வளைந்திருக்க வேண்டும், கண்ணின் மொத்தக் குவிக்கும் சக்தியான சுமார் 60 டயாப்டரில் மூன்றில் இரண்டு பங்கு அங்கேதான் இருக்கிறது. அது கரண்டி முதுகு போலக் கொஞ்சம் மாறிவிட்டால், மேலும் கீழுமாக வரும் கதிர்கள் ஓரிடத்தில் கூடும், பக்கவாட்டில் வரும் கதிர்கள் வேறோர் இடத்தில் கூடும். ஒரு புள்ளி வெளிச்சம் உள்ளே போனால் விழித்திரையில் அது புள்ளியாக விழவே முடியாது. ஒரு தூரத்தில் நின்ற கோடாக விழும், இன்னொரு தூரத்தில் படுத்த கோடாக விழும், நடுவே ஓரிடத்தில் மங்கிய வட்டமாக விழும். (சிலருக்குக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸே இப்படி. 1801இல் தாமஸ் யங் தன் கண்ணைத் தண்ணீருக்குள் வைத்துக் கார்னியாவின் வேலையை நிறுத்திப் பார்த்தும் சிதறல் போகவில்லை என்று கண்டார்.)

இதைத் தன் கண்ணிலேயே அளந்து கண்ணாடியும் செய்துகொண்டவர் ஜார்ஜ் ஏரி, பிற்பாடு இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஆனவர். கறுப்பு அட்டையில் ஊசியால் மெல்லிய துளை போட்டு, பின்னாலிருந்து வெளிச்சம் கொடுத்து, அட்டையைக் கண்ணுக்கு முன்னால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். இடது கண்ணுக்கு அந்தத் துளை 6 அங்குலத்தில் ஒரு சாய்ந்த கோடாகத் தெரிந்தது, 3½ அங்குலத்தில் அதற்குச் செங்குத்தான இன்னொரு கோடாகத் தெரிந்தது. அந்த இரண்டு அளவையும் வைத்துக் கணக்குப் போட்டு, ஒரு திசையில் மட்டும் கூடுதலாக வேலை செய்யும் உருளை வடிவ லென்ஸைக் கடையச் சொன்னார், அது 1825. இன்று உங்கள் கண்ணாடிச் சீட்டில் ‘சிலிண்டர்’ என்றும் ‘ஆக்சிஸ்’ என்றும் இருக்கும் இரண்டு எண்கள் அந்த வழியில் வந்தவைதான், எத்தனை டயாப்டர், எந்தக் கோணத்தில் என்று.

ஏரியின் ஊசித்துளையைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. ரெட் டாட் சைட் செய்வதும் அதே காரியம். உள்ளே பின்பக்கம் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு, முன்பக்கம் லேசாக வளைந்த கண்ணாடி, சிவப்பை மட்டும் திருப்பி அனுப்பும் பூச்சு அதில் இருக்கும், மற்ற வெளிச்சம் ஊடுருவிப் போகும். விளக்கு அந்த வளைவின் குவியத்தில் இருப்பதால் திரும்பும் கதிர்கள் இணையாக வருகின்றன, கண்ணுக்குப் புள்ளி எங்கோ தொலைவில் இலக்கின் மேலேயே மிதப்பதுபோல இருக்கிறது. இந்த யோசனை 1900இல் டப்ளினைச் சேர்ந்த ஹவார்ட் க்ரப்புடையது, மின்விளக்கு வைத்த ரெட் டாட் 1975இல் ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் கொண்டுவந்தது. அழகான ஏற்பாடு, சந்தேகமே இல்லை, ஆனால் கண்ணுக்கு அது வைக்கும் சோதனை கடுமையானது: சுற்றிலும் இருட்டாக இருக்க நடுவில் ஒரே ஒரு பிரகாசமான புள்ளி. வானத்து நட்சத்திரமும் இப்படித்தான், கண்ணின் குறை எதுவாக இருந்தாலும் அதில் தெரிந்துவிடும். இலக்கின் படமும் அதே அளவுக்குச் சிதறுகிறது, ஆனால் ஓரங்கள் மங்குவதை மூளை ஓரளவு சமாளித்துவிடுகிறது. பிரகாசமான புள்ளியின் சிதறல் இருட்டின் மேல் விழுவதால் ஒளிய இடமில்லை.

எவ்வளவு சிதறும் என்று கணக்குப் போட்டுவிடலாம், கஷ்டமில்லை. சிலிண்டர் டயாப்டரைக் கண்பாவையின் விட்டத்தோடு, மீட்டர் கணக்கில், பெருக்கினால் சிதறலின் கோணம் ரேடியனில் வரும். 1 டயாப்டர் சிலிண்டர், மங்கிய வெளிச்சத்தில் 6 மில்லிமீட்டர் விரிந்த பாவை: 0.006. 50 மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கில் அது 30 சென்டிமீட்டர் நீளக் கோடு! அதே கண், உச்சி வெயிலில் பாவை 2 மில்லிமீட்டராகச் சுருங்கினால் 10 சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் துளை வழியாகப் பார்த்தால் 5 சென்டிமீட்டர். இது உச்ச அளவு, கண் உண்மையில் கவனிப்பது நடுவில் செறிந்த பகுதியைத்தான், இருந்தாலும் ஒப்பிட்டுப் பாருங்கள்: 2 எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) என்று விற்கும் புள்ளி 50 மீட்டரில் மூடவேண்டியது 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. மதியம் நன்றாக இருந்த சைட் மழைமேகம் மூடிய ஐந்து மணிக்குக் கெட்டுப்போவதுபோலத் தெரிவதற்குக் காரணம் இந்தப் பாவைதான்.

ஆகவே சைட் தேர்ந்தெடுப்பதில் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். அது உங்கள் பாவையைத் திறந்துவிட்டு வெளிச்சப் புள்ளியைக் காட்டுகிறதா, இல்லை துளையைச் சுருக்கிக் கறுப்பு உருவத்தைக் காட்டுகிறதா?

இரண்டாவது வகையில் முதலிடம் பழைய துளை சைட்டுக்கு. கிளப்பில் பலர் இதைப் பழைய காலத்துச் சாமான் என்று ஒதுக்குகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் டெலஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது, பின்னால் ஒரு சின்னத் துளை, முன்னால் ஒரு வளையம், அவ்வளவுதான். 2012இல் லண்டனில் நம் நாட்டின் நூர் சூர்யானி முகமது தாயிபி எட்டு மாதக் கர்ப்பத்தோடு நின்று சுட்டதும் இப்படிப்பட்ட சைட்டில்தான். 45.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள இலக்கு வட்டத்தில் பத்துப் புள்ளிக்கான இடம் அரை மில்லிமீட்டர். பின்துளை சின்னதாக இருப்பதால் கார்னியாவின் நடுப்பகுதி மட்டும் வேலை செய்கிறது, கரண்டி முதுகின் நடுவில் ஒரு சின்ன வட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டு வளைவுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. முன்வளையமும் இலக்கும் ஒருசேரத் தெளிவாகத் தெரிவது இன்னொரு லாபம், நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு இது பெரிய விஷயம். துளையை ரொம்பவும் சுருக்கக்கூடாது, ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போகப் போக வெளிச்சம் குறையும், துளையின் விளிம்பில் ஒளி வளைந்து விரிவதால் படமும் மறுபடி மங்கும். திருகினால் அளவு மாறும் ஐரிஸ் துளை கிடைக்கிறது, அதற்குக் கொடுக்கும் வெள்ளி வீண் இல்லை.

அடுத்தது டெலஸ்கோப். முன்லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் பின்னால் வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40 மில்லிமீட்டர் லென்ஸ், 10 மடங்கு என்றால் 4 மில்லிமீட்டர். 20 மடங்கு என்றால் 2 மில்லிமீட்டர், கண்பாவை எவ்வளவு விரிந்தாலும் அதற்கு மேல் வெளிச்சம் உள்ளே போகாது. இது போதாதென்று, கண்ணின் சிதறல் அளவு அப்படியே இருக்க இலக்கு மட்டும் 10 மடங்கு பெரிதாகிறது, அதனால் இலக்கோடு ஒப்பிட்டால் சிதறல் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. கண்ணருகே இருக்கும் வளையத்தைத் திருகி உள்ளே இருக்கும் குறிக்கோடுகளைத் தெளிவாக்கலாம். வெறும் வானத்தைப் பார்த்து, ஒரு நொடி பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்து, மறுபடி பார்த்துத் திருகுங்கள், உற்றுப் பார்த்துக்கொண்டே திருகினால் கண் தானாகச் சரிக்கட்டி ஏமாற்றிவிடும். அப்படித் திருகும்போது நின்ற கோடு கூர்மையாகவும் படுத்த கோடு மசமசவென்றும் இருந்து, இன்னும் கொஞ்சம் திருகினால் இரண்டும் இடம் மாறினால், அது சிலிண்டர். அந்த வளையத்தால் அதைத் தீர்க்க முடியாது, இரண்டு குவியத்தையும் சேர்த்து முன்னும் பின்னும் நகர்த்தத்தான் அதற்குத் தெரியும்.

இதே காரணத்தால்தான் ‘சீலாவ் இருந்தால் பிரிஸம் சைட் வாங்கு, சரியாகிவிடும்’ என்று சொல்வது முழு உண்மை இல்லை. பிரிஸம் சைட்டில் குறி கண்ணாடியில் செதுக்கப்பட்டிருக்கிறது, பேட்டரி தீர்ந்தாலும் கறுப்பாகத் தெரியும், கண்ணுக்கு ஏற்றபடி திருகவும் வளையம் உண்டு. வெளிச்சப் புள்ளிக்குப் பதிலாகக் கறுப்புக் கோடு என்பதால் பெரும்பாலானவர்களுக்கு இது ரெட் டாட்டைவிட எவ்வளவோ தெளிவு, அந்த அண்ணனுக்கும் அப்படியே. ஆனால் சிலிண்டர் கண்ணில் அப்படியே இருக்கிறது, உள்ளே இருக்கும் விளக்கைக் கூட்டிவைத்தால் வாலும் திரும்ப வந்துவிடும். கண்ணைப் பின்னால் ஒரே தூரத்தில் வைத்துப் பழகவேண்டும், ரெட் டாட்டைப் போல எங்கிருந்தும் பார்க்க முடியாது.

ஹாலோகிராபிக் சைட் விலை அதிகம். லேசர் ஒளியில் ஒரு வளையமும் நடுவில் ஒரு புள்ளியும் தொலைவில் மிதக்கும். அதுவும் கண்ணுக்கு வெளிச்சப் புள்ளிதான், ஆகவே சிதறும். பெரிய வளையம் இருப்பதால் புள்ளி கலைந்தாலும் நடு எது என்று கண் கண்டுபிடித்துக்கொள்கிறது, சிலருக்கு அது போதும். வாங்குவதற்கு முன் உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள், மற்றவர் கண் சொல்வது உங்களுக்குப் பொருந்தாது. பச்சைப் புள்ளி விஷயமும் அப்படித்தான். சிவப்பும் பச்சையும் கண்ணுக்குள் குவியும் இடம் சுமார் அரை டயாப்டர் வித்தியாசப்படும், கண் பரிசோதனையில் சிவப்பு பச்சைக் கட்டத்தைக் காட்டி எது தெளிவு என்று கேட்பது இதற்காகத்தான். கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ கொஞ்சம் மிச்சம் இருப்பவருக்கு நிறம் மாற்றினால் உதவலாம், சிலிண்டருக்கு உதவாது.

ரெட் டாட்டே வேண்டும் என்றால் வெளிச்சத்தைக் குறைத்து, குறைத்து, புள்ளி கஷ்டப்பட்டுத் தெரியும் அளவுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஒரு படி ஏற்றுங்கள். வால் பெரும்பாலும் குறைந்துவிடும், ஏனென்றால் ஓரச் சிதறல் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கீழே போய்விடுகிறது.

இதற்கெல்லாம் முன்னால் கண்ணாடி. அந்த அண்ணன் கடைசியாகக் கண் சோதித்தது ஆறு வருடத்துக்கு முன்னால். புதிதாகச் சோதித்தோம், வலது கண்ணில் சிலிண்டர் முக்கால் டயாப்டரிலிருந்து ஒன்றேகாலுக்கு வந்திருந்தது, கோணமும் நகர்ந்திருந்தது. புதுக் கண்ணாடி போட்டதும் கடையில் வால் போனது. ஆனால் அடுத்த சனிக்கிழமை கிளப்பிலிருந்தே கூப்பிட்டார்: “தம்பி, படுத்துச் சுடும்போது மறுபடி வால் வருதுப்பா.” நானே போய்ப் பார்த்தேன். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்ததும் அவர் கண் பார்ப்பது லென்ஸின் மேல் மூலை வழியாக, மூக்கு ஓரத்தில். லென்ஸின் நடுவைத் தவிர்த்துச் சாய்வாகப் பார்த்தால் சிலிண்டரே இல்லாத லென்ஸும் புதிதாகச் சிலிண்டரை உண்டாக்கும். கான்டாக்ட் லென்ஸ் என்றால் கண்ணோடு நகரும், ஆனால் சிலிண்டர் உள்ளது தடிமன் வித்தியாசத்தாலும் இமையின் அழுத்தத்தாலும் நிமிர்ந்து நிற்கும் வகை, தலை சாய்ந்தால் சிலருக்கு அது சுழன்றுவிடும்.

மூக்குத் தாங்கியை வளைத்துக் கண்ணாடியை மேலே தூக்கி, லென்ஸின் நடு அவர் குறிபார்க்கும் கோட்டுக்கு வரும்படி செய்தோம். போட்டிக்குச் சுடுகிறவர்கள் ஒற்றை லென்ஸை எந்தப் பக்கமும் நகர்த்தக்கூடிய தனிச் சட்டம் வைத்திருப்பது இதற்காகத்தான். நீங்கள் கண் சோதிக்கப் போகும்போது சுடும் நிலையில் தலை எப்படி இருக்கும் என்று உட்கார்ந்த இடத்திலேயே ஒருமுறை நடித்துக் காட்டுங்கள், துப்பாக்கி வேண்டாம், ஒரு குடைக் கம்பு போதும். இங்கே ஏர் ரைபிளுக்கே 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும், கடைக்கெல்லாம் தூக்கி வரக்கூடாது.

அண்ணன் ரெட் டாட்டைக் கழற்றித் தம்பி மகனுக்காக எடுத்து வைத்துவிட்டு, ஐரிஸ் வைத்த துளை சைட்டுக்கு மாறிவிட்டார். வெயிலில் 1.1 மில்லிமீட்டர் வைக்கிறார், மேகம் மூடினால் 1.3.