யுகுலேலேயில் கிட்டார் ஸ்ட்ரிங் போடாதீர்கள்

பிரிட்ஜ் (ஸ்ட்ரிங்குகளின் கீழ் முனையைப் பிடித்திருக்கும், முகப்பில் ஒட்டிய மரத்துண்டு) பெயர்ந்து, முகப்புப் பலகையின் மேலடுக்கையும் உரித்துக்கொண்டு மீண்டும் ஒரு யுகுலேலே பழுதுக்கு வந்திருக்கிறது. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத கருவி. நான்கு ஸ்ட்ரிங்கும் ஸ்டீல். ஏன் என்று கேட்டால் வழக்கமான பதில்தான்: "நைலான் அறுந்துபோச்சு சார், கடையில இதுதான் இருந்துச்சு. சின்ன கிட்டார்தானே?"

இல்லை. யுகுலேலே சின்ன கிட்டார் இல்லை. இந்த ஒரு தவறான எண்ணத்தால் கருவியும் கெடுகிறது, காதும் கெடுகிறது, கற்க வந்த பிள்ளையின் ஆசையும் போகிறது. அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

போர்ச்சுகலின் மதீராத் தீவில் மச்செட்டே என்ற சிறிய நான்கு ஸ்ட்ரிங் கருவி உண்டு. 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் மதீராவிலிருந்து ஹொனலூலுவில் வந்திறங்கியவர்களில் மூன்று மரவேலைக்காரர்கள் இருந்தார்கள்: மனுவேல் நூனிஸ், ஜோஸே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ, அகஸ்டோ டயஸ். ஹவாயில் யுகுலேலே செய்யத் தொடங்கியவர்கள் இவர்கள்தான். அந்தக் காலத்தில் கட்டியது விலங்குக் குடல் நரம்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த இடத்துக்கு நைலான் வந்தது, பின்னால் ஃப்ளோரோகார்பன் என்ற செயற்கை இழையும் வந்தது. அன்று முதல் இன்று வரை இந்தக் கருவியின் பலகை மெல்லியது, உள்ளே ஒட்டும் தாங்கு குச்சிகள் மெல்லியவை, பிரிட்ஜ் ஒட்டியிருக்கும் பரப்பும் சிறியது. எல்லாமே மென்மையான இழுவிசைக்காகக் கணக்குப் பார்த்துச் செய்யப்பட்டவை.

நைலான் அல்லது ஃப்ளோரோகார்பன் ஸ்ட்ரிங் ஒவ்வொன்றும் சுமார் 4 முதல் 5 கிலோ விசையில் பிரிட்ஜை இழுக்கிறது. வழக்கமான கிட்டார் ஸ்டீல் ஸ்ட்ரிங்கை அதே சுருதிக்கு ஏற்றினால், தடிமனையும் கருவியின் நீளத்தையும் பொறுத்து, இழுவை இதைவிட நன்றாகக் கூடிவிடலாம். ஸ்டீல் ஸ்ட்ரிங் போடும் கிட்டாரில் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி இருந்து வளைவைத் தாங்கும். பெரும்பாலான யுகுலேலேக்களில் அது கிடையாது. ஆகவே முதலில் கழுத்து மெல்ல முன்னால் வளையும். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்டுகளிலிருந்து ஸ்ட்ரிங் உயரும். பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை புடைக்கும். நட் (கழுத்தின் மேல் முனையில் ஸ்ட்ரிங்குகள் உட்காரும் பள்ளமிட்ட பட்டை) பிளாஸ்டிக் என்றால் ஸ்டீல் அதை அறுத்து உள்ளே இறங்கும். கடைசியில் ஒரு நாள் பிரிட்ஜ் கழன்று வரும். ஸ்டீல் போட்ட முதல் நாள் சத்தம் கூடுதலாகக் கேட்பதுதான் பலரை ஏமாற்றுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள்.

விதிவிலக்குகள் உண்டு. ஸ்டீலுக்கென்றே செய்த எலக்ட்ரிக் யுகுலேலேக்கள் இருக்கின்றன. டெனர், பாரிடோன் அளவுகளில் தடித்த ஸ்ட்ரிங் வெளியே உலோகம் சுற்றி வரும். ஆனால் அதன் உள்ளே இருப்பது நைலான் இழைதான், அதனால் பயமில்லை. உங்களிடம் இருப்பது கடையிலோ இணையத்திலோ வாங்கிய சாதாரண மரக் கருவி என்றால் அதற்கு ஸ்டீல் ஆகாது. ஸ்ட்ரிங் வாங்கும்போது பாக்கெட்டின் மேல் யுகுலேலே என்று அச்சிட்டிருக்க வேண்டும், அளவும் இருக்க வேண்டும். அளவு தெரியாவிட்டால் நட்டிலிருந்து பிரிட்ஜின் வெள்ளைப் பட்டை வரை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் என்றால் சோப்ரானோ, 38 என்றால் கான்சர்ட், 43 என்றால் டெனர், 50 பக்கம் வந்தால் பாரிடோன். பாரிடோனுக்குச் சுருதியே வேறு. தொடக்கப் பாடங்களில் வரும் கார்டுகளை (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடிகளை) அதில் பிடித்தால் வேறு கார்டு ஒலிக்கும். முதன்முதலாக வாங்குகிறவர்கள் தெரியாமல் பாரிடோன் வாங்கிவிட வேண்டாம். பெரியவர்களின் விரல்களுக்குக் கான்சர்ட் வசதி, சிறுவர்களுக்குச் சோப்ரானோ போதும்.

அடுத்தது ஜி ஸ்ட்ரிங், அதாவது ஜி என்ற மேற்கத்திய சுரத்துக்குச் சேர்க்கும் ஸ்ட்ரிங். மடியில் வைத்துப் பிடித்தால் முகத்துக்கு மிக அருகில் இருப்பது இதுதான். அங்கிருந்து கீழே வரிசையாக ஜி, சி, ஈ, ஏ. கிட்டாரில் மேலே இருப்பதுதான் மிகத் தடித்தது, மிகத் தாழ்ந்த ஒலி. வழக்கமான யுகுலேலேயில் அப்படி இல்லை. மேலே இருக்கும் ஜி மெல்லியது, உயர்ந்த ஒலி. நான்கிலும் தாழ்ந்தது இரண்டாவதாக இருக்கும் சி. கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு எளிதாகச் சொல்ல வேண்டுமென்றால், சி என்பது ஒரு கட்டை. அதை ஸட்ஜமாக வைத்தால் மேலிருந்து கீழாக ப, ஸ, அந்தர காந்தாரம், சதுஸ்ருதி தைவதம். அந்தப் பஞ்சமம் ஸட்ஜத்துக்கு மேலே உள்ள பஞ்சமம், மந்தர பஞ்சமம் அல்ல. யுகுலேலேயின் துள்ளலான ஒலிக்குக் காரணமே இதுதான்.

இது தெரியாமல் இரண்டு விபரீதம் நடக்கிறது. "மேல் ஸ்ட்ரிங் மெலிசா இருக்கு, தப்பா போட்டுட்டாங்க" என்று கழற்றி மாற்றுவது ஒன்று. அதே மெல்லிய ஸ்ட்ரிங்கைத் தாழ்ந்த ஜி வரை தளர்த்துவது இன்னொன்று. அப்போது அது தொங்கிப்போய் ஃப்ரெட்டில் தட்டி இரையும். தாழ்ந்த ஜி வேண்டுமென்றால் அதற்கென்று தடித்த ஸ்ட்ரிங் தனியாகக் கிடைக்கும். நட்டில் உள்ள பள்ளத்தையும் அதற்கேற்ப அகலப்படுத்த வேண்டியிருக்கும். முதல் வருடத்தில் அது உங்களுக்குத் தேவையே இல்லை.

சுருதி சேர்க்கும் செயலியில் யுகுலேலே என்று தேர்ந்தெடுங்கள். எண்ணோடு காட்டும் செயலி என்றால் ஜி-4, சி-4, ஈ-4, ஏ-4 என்று வர வேண்டும். ஏ ஸ்ட்ரிங் 440 ஹெர்ட்ஸ், ஜி 392. வெறும் எழுத்தை மட்டும் நம்பி முறுக்கிக்கொண்டே போகாதீர்கள். அருகில் உள்ள வேறு சுரத்தைக் கடந்து போய் ஸ்ட்ரிங்கை அறுப்பவர்கள் எல்லாரும் இப்படித்தான் அறுக்கிறார்கள். ஒலி உயர்ந்துகொண்டே போய், எழுத்து மட்டும் வரவில்லை என்றால் நிறுத்திவிட்டு நன்றாகத் தளர்த்துங்கள், கீழேயிருந்து மறுபடி ஏறி வாருங்கள். காதாலும் சரிபார்க்கலாம்: சி ஸ்ட்ரிங்கின் 4ஆம் ஃப்ரெட்டும் திறந்த (விரல் வைக்காத) ஈ-யும் ஒன்று, ஈ-யின் 3ஆம் ஃப்ரெட்டும் திறந்த ஜி-யும் ஒன்று, ஈ-யின் 5ஆம் ஃப்ரெட்டும் திறந்த ஏ-யும் ஒன்று.

வீட்டில் கிட்டார் வாசிக்கும் அண்ணன் இருந்தால் இன்னொரு குழப்பம் வருகிறது. கிட்டாரின் கீழ் நான்கு ஸ்ட்ரிங்கில் பிடிக்கும் கார்டு வடிவங்கள் யுகுலேலேயிலும் பொருந்தும், ஆனால் பெயர் மாறும். கிட்டாரின் டி வடிவம் இங்கே ஜி. அங்கே ஜி, இங்கே சி. அங்கே ஈ மைனர், இங்கே ஏ மைனர். அண்ணன் "இதுதான் டி" என்று சொல்லிக்கொடுப்பார். பிள்ளை கீபோர்டோடு சேர்ந்து வாசிக்கும்போது ஒட்டவே ஒட்டாது. தவறு பிள்ளையுடையது இல்லை. அண்ணன்மார்களே, வடிவத்தைக் காட்டுங்கள், பெயரை மட்டும் யுகுலேலே அட்டவணையைப் பார்த்துச் சொல்லுங்கள்.

"புதுசு வாங்கினேன், சுருதியே நிக்கல, டிஃபெக்ட் பீஸ்" என்ற புகாரும் ஓயாமல் வருகிறது. புது நைலான் நீளும். ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் நீண்டுகொண்டே இருக்கும். உட்காரும்போதெல்லாம் சுருதி சேர்க்க வேண்டியதுதான், நடுவிலும் இரண்டு மூன்று முறை. சீக்கிரம் நிலைக்க வேண்டுமானால் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் 12ஆம் ஃப்ரெட் பக்கம் விரலால் மெல்லத் தூக்கி இழுத்துவிட்டு மறுபடி சேருங்கள். இதை ஐந்தாறு தடவை செய்யலாம். பலமாக இழுக்க வேண்டாம். பற்சக்கரம் இல்லாத பழைய பாணி முறுக்காணி என்றால் அதன் முனையில் ஒரு சிறு திருகு இருக்கும். அதைக் கால் சுற்று இறுக்கினால் வழுக்குவது நிற்கும். பிசின் எதுவும் தடவ வேண்டாம்.

இரண்டு வாரம் கழித்தும் திறந்த ஸ்ட்ரிங்குகள் சரியாக இருந்து, முதல் ஃப்ரெட்டில் பிடிக்கும் எஃப் கார்டு மட்டும் கரகரப்பாக, சுருதி ஏறி ஒலிக்கிறதா? அப்போது நட்டைப் பாருங்கள். விலை குறைந்த கருவிகளில் நட்டின் பள்ளங்களை ஆழமாக அறுக்காமலே அனுப்பிவிடுகிறார்கள். உயரத்திலிருந்து அழுத்தும்போது ஸ்ட்ரிங் கூடுதலாக இழுபட்டுச் சுருதி ஏறும், விரலும் வலிக்கும். சோதிப்பது எளிது. 2ஆம், 3ஆம் ஃப்ரெட்டுகளுக்கு இடையே ஸ்ட்ரிங்கை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு இருந்தால் நலம். விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தால் நட் உயரம். 12ஆம் ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 2.5 முதல் 3 மில்லிமீட்டர் இருக்கலாம். நட்டைச் சரிசெய்வது பழுதுபார்ப்பவருக்குச் சிறிய வேலை. நீங்கள் வீட்டு அரத்தை எடுக்காதீர்கள். ஒரு பள்ளம் கூடுதலாக ஆழ்ந்துவிட்டால் திறந்த ஸ்ட்ரிங் இரையத் தொடங்கும், பிறகு நட்டையே மாற்ற வேண்டும். "எனக்கு விரலே வளைய மாட்டேங்குது" என்று விட்டுப்போனவர்களில் எத்தனை பேருடைய கருவியில் நட் உயரமாக இருந்ததோ!

கற்பது பற்றிச் சுருக்கமாக. முதல் மாதத்துக்கு நான்கு கார்டு போதும். சி: ஏ ஸ்ட்ரிங்கின் 3ஆம் ஃப்ரெட், மோதிர விரல். ஏ மைனர்: ஜி ஸ்ட்ரிங்கின் 2ஆம் ஃப்ரெட், நடுவிரல். எஃப்: அந்த நடுவிரல் அங்கேயே இருக்க, ஈ ஸ்ட்ரிங்கின் 1ஆம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல். ஜி செவன்: ஆள்காட்டி விரல் அங்கேயே இருக்க, நடுவிரல் சி-யின் 2ஆம் ஃப்ரெட்டுக்கும் மோதிர விரல் ஏ-யின் 2ஆம் ஃப்ரெட்டுக்கும் போகும். ஒரு விரல் இடம் மாறாமல் நிற்பதால்தான் இந்த வரிசை. விரலை ஃப்ரெட் உலோகத்தின் மேலேயோ கட்டத்தின் நடுவிலோ வைக்காமல், உலோகத்தை ஒட்டினாற்போல் அதற்குச் சற்று முன்னால் வையுங்கள். பாதி பலமே போதுமாக இருக்கும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, கார்டுக்கு நான்கு தட்டு. கார்டு மாறுமிடத்தில் தாளம் நின்றால் வேகத்தை 50-க்குக் குறையுங்கள். வலது கை ஒலித்துளையின் மேல் அல்ல, கழுத்து உடலோடு சேரும் இடத்தின் பக்கம் இருக்கட்டும். கீழே போகையில் ஆள்காட்டி விரலின் நகம், மேலே வருகையில் அதே விரலின் சதை. கெட்டியான கிட்டார் பிக் (ஸ்ட்ரிங்கை மீட்டும் சிறு தகடு) வேண்டவே வேண்டாம்.

விரல் நுனி சில நாள் எரிவது இயல்பு. மணிக்கட்டு வலிப்பதும் விரல் மரத்துப்போவதும் இயல்பல்ல. பெருவிரலால் கழுத்தைக் கவ்விப் பிடிப்பதாலோ, கருவியின் எடையை இடது கை தாங்குவதாலோ அது வரும். எடையை வலது முன்கையும் மார்பும் தாங்க வேண்டும், அல்லது தோள்பட்டை வார் போட வேண்டும். பத்து, பதினைந்து நிமிடமாக ஒரு நாளைக்கு இரண்டு முறை போதும். மரத்துப்போனால் அன்று நிறுத்துங்கள். நிறுத்தியும் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாசி" என்று குழந்தையை நெருக்காதீர்கள்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் யுகுலேலேயை ஒருபோதும் வைக்கக் கூடாது. நம் ஊர் மே மாத வெயிலில், கண்ணாடி ஏற்றிய காருக்குள் பசை இளகுவதற்கு ஒரு மதியமே போதும். அப்படி இளகிய பிரிட்ஜை நைலான்கூடத் தூக்கிவிடும். மாதம் ஒருமுறை பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளின் ஓரத்தை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் பிரிட்ஜ் தூக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே நான்கு ஸ்ட்ரிங்கையும் முழுக்கத் தளர்த்துங்கள்.

அதன் பிறகு தயவுசெய்து உடனடிப் பசையை எடுக்காதீர்கள். அது மரத்துக்குள் ஊறிக் கண்ணாடிபோல் இறுகிவிடும். அதைச் சுரண்டினால்தான் மரப்பசை பிடிக்கும், சுரண்டும்போது மரமும் சேர்ந்து போகும். சுத்தமாகக் கழன்ற பிரிட்ஜ் என்றால் இரு பரப்பையும் துடைத்து, மரப்பசை மெல்லியதாகத் தடவி, கிளாம்ப் போட்டு, ஒரு நாள் முழுக்க ஸ்ட்ரிங் இல்லாமல் விட்டால் வேலை முடிந்தது. உடனடிப் பசை பட்டிருந்தால் அதே வேலை மூன்று மடங்கு நேரம் எடுக்கும். பலகையிலிருந்து சிராய்கள் பெயர்ந்து வந்திருந்தால், எவ்வளவு சிறியவை ஆனாலும் தூக்கி எறியாமல் ஒரு காகித உறையில் போட்டுக் கருவியோடு கொண்டுவாருங்கள். அந்தத் துண்டுகள் இருந்தால்தான் பலகையின் பள்ளத்தை அதே மரத்தால் அடைக்க முடியும்.