இலவச கிளினிக்குக்கு வர நினைக்கிறீர்களா? ஒரு நாள் போதாது

ஹூஸ்டனில் பொது மருத்துவராக இருக்கிறேன். வேலை நேரம் போக, இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்கென்று நடக்கும் ஒரு இலவச கிளினிக்கில் பல வருடங்களாக நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். இதைக் கேள்விப்படும் தமிழ் நண்பர்கள் வழக்கமாக இரண்டு கேள்வி கேட்பார்கள். அமெரிக்காவில் இன்சூரன்ஸ் இல்லாமல் யார் இருக்கிறார்கள்? நானும் ஒரு நாள் வந்து உதவலாமா?

முதல் கேள்விக்குப் பதில்: 2023 கணக்குப்படி நாடு முழுவதும் சுமார் 2.6 கோடிப் பேர். மாநிலங்களில் டெக்சஸ்தான் மோசம், இங்கே ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இன்சூரன்ஸ் கிடையாது. ஒபாமா காலத்தில், 2010இல் வந்த சட்டம் ஏழைகள் எல்லோரையும் மெடிகெய்டில், அதாவது ஏழைகளுக்கான அரசு இன்சூரன்ஸில், சேர்க்க நினைத்தது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. டெக்சஸ் சேரவில்லை. அதனால் ஒரு விசித்திரமான பள்ளம் விழுந்தது. 2025 கணக்கில் தனியாள் ஒருவருக்கு வறுமைக் கோடு வருடத்துக்கு 15,650 டாலர். அதற்குக் கீழே சம்பாதிக்கும், பிள்ளைகள் இல்லாத, உடல் ஊனமில்லாத ஒருவருக்கு டெக்சஸில் மெடிகெய்டும் கிடையாது, தனியார் இன்சூரன்ஸ் வாங்க அரசு தரும் மானியமும் கிடையாது. கொஞ்சம் கூடுதலாகச் சம்பாதித்தால் மானியம் உண்டு, குறைவாகச் சம்பாதித்தால் இல்லை. இவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் இல்லை. நம் வீட்டுக் கூரையை மாற்றுபவர்கள், ஓட்டல் அறையைச் சுத்தம் செய்பவர்கள், வயதானவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள்.

எமர்ஜென்சிக்குப் போனால் பார்க்க மாட்டார்களா என்று சிலர் கேட்பார்கள். பார்ப்பார்கள். 1986இல் வந்த சட்டப்படி, பணம் இருக்கிறதா இல்லையா என்று பாராமல், ஆபத்துக் கட்டம் தாண்டும்வரை கவனிக்க வேண்டும். பில் பிறகு வீட்டுக்கு வரும். ஆனால் அடுத்த மாதத்துக்கான பிரஷர் மாத்திரையை எமர்ஜென்சி பார்த்துக்கொள்ளாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஆபத்துக் கட்டத்துக்கு வரும்வரை வலிக்காத நோய்கள். ஆளைச் சாய்ப்பது அந்த வலிக்காத வருடங்கள்தான்.

இப்போது இரண்டாவது கேள்வி.

கூரை வேலை செய்யும் ஒருவர் கிளினிக்குக்கு வந்தார். சுகர் மாத்திரை தீர்ந்துவிட்டது, எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். பூட்ஸைக் கழற்றச் சொன்னேன். தயங்கினார், அழுக்காக இருக்கிறது என்றார். பரவாயில்லை, கழற்றுங்கள் என்றேன். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நைலான் இழை வைத்திருப்போம். பத்து கிராம் விசையில் வளையும்படி செய்தது, பார்க்கத் தூரிகை நாரைப் போல இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போது சொல்லுங்கள் என்றேன். கட்டைவிரல் அடியில் தொட்டேன், சொல்லவில்லை. முன்பாதத்தில் தொட்டேன், சொல்லவில்லை. இடது காலுறையின் அடியில் காய்ந்த ரத்தக்கறை இருந்தது. பூட்ஸுக்குள் கைவிட்டுப் பார்த்தால் ஒரு கூரை ஆணியின் முனை அடியிலிருந்து மேலே துருத்திக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக அதன்மேல் நடந்தாரோ, அவருக்கே தெரியவில்லை.

அந்தக் காலைக் காப்பாற்றியது நான் எழுதிய மருந்துச் சீட்டு மட்டும் இல்லை. ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் வாரா வாரம் அதே மாலையில் வந்து, கட்டுப் பிரித்து, புண்ணை அளந்து, மறுபடி கட்டினார். அவர் வரவில்லை என்றால் நோயாளியும் வந்திருக்க மாட்டார் என்பது என் கணிப்பு. புது முகத்திடம் காலைக் காட்ட மறுபடி தயங்கியிருப்பார். மூன்று மாத சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஏ1சி பரிசோதனைக்கும் இதே கதைதான். மருந்தை மாற்றினால் அது வேலை செய்ததா என்று தெரிய மூன்று மாதம் ஆகும். அப்போது பழைய சீட்டைப் படித்து, ஏன் மாற்றினோம் என்று ஞாபகம் வைத்திருக்கும் ஓர் ஆள் வேண்டும்.

ஒரு நாள் சேவையே வீண் என்று சொல்லவில்லை. ஸ்டான் பிராக் என்பவர் 1985இல் தொடங்கிய ரிமோட் ஏரியா மெடிக்கல் அமைப்பு, வார இறுதிகளில் கண்காட்சி மைதானங்களிலும் பள்ளிகளிலும் முகாம் போடுகிறது. மக்கள் முந்தின இரவே வந்து காரில் தூங்கிக் காத்திருப்பார்கள். அங்கே பெரும்பாலோர் கேட்பது பல்லும் கண்ணாடியும். சொத்தைப் பல்லை ஒரே நாளில் பிடுங்கிவிடலாம், கண்ணாடியையும் கையோடு கொடுத்துவிடலாம். அப்படி ஒரே நாளில் முடிகிற வேலைக்கு ஒரு நாள் வருபவர் தாராளமாகப் போதும். ஆனால் ஒரு சமூக விழாவில் மேசை போட்டு நூறு பேருக்குச் சர்க்கரை பார்த்து, “அதிகமா இருக்கு, டாக்டரைப் பாருங்க” என்று அனுப்பிவிட்டால் அது பாதி வேலை. எந்த டாக்டரை? டாக்டர் இல்லாததால்தானே அந்த மேசைக்கு வந்தார்? சர்க்கரை பார்க்கும் முன்பே, அதிகம் இருப்பவரை எந்தக் கிளினிக்கில், எந்தத் தேதியில் சேர்ப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஆறு மாதம் பிள்ளைகளோடு இருந்துவிட்டுப் போக வரும் அப்பா அம்மாக்கள் எங்கள் கிளினிக்குக்கும் வருகிறார்கள். பயணிகளுக்கென்று விற்கும் பாலிசிகள் ஏற்கனவே இருக்கும் நோய்க்குப் பெரும்பாலும் பணம் தராது. ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை தீர்ந்திருக்கும், மகனுக்கு வேலை போயிருக்கும், டாக்டர் செலவைக் கேட்கக் கூச்சப்பட்டு மாத்திரையை நாளுக்கு ஒன்றாகக் குறைத்திருப்பார்கள். “பேரெல்லாம் தெரியாது தம்பி, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, பச்சை அட்டை” என்று ஓர் அம்மா காலி ஸ்ட்ரிப்பைக் கையில் கொடுத்தார். நல்லவேளை, அதில் பின்பக்க எழுத்து அழியவில்லை. நம்மூரில் சர்வசாதாரணமாக எழுதப்படும் கிளிக்ளசைடு, வில்டாக்ளிப்டின், டெனிலிக்ளிப்டின் என்ற சர்க்கரை மாத்திரைகள் மூன்றும் அமெரிக்க மருந்துக்கடையில் கிடையாது. இரண்டு மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை என்றால் பிரித்து, இங்கே உள்ளதில் ஈடானதைத் தேர்ந்து, சிறுநீரகப் பரிசோதனையைப் பார்த்து எழுத வேண்டும். அதனால் பெற்றோரை அழைப்பவர்கள் விமானம் ஏறும் முன்பே மருந்தின் மூலப்பெயரோடு (கம்பெனி வைத்த பெயர் மட்டும் போதாது) சீட்டு வாங்கி வரச் சொல்லுங்கள், சமீபத்திய ரத்தப் பரிசோதனையையும் போனில் படமெடுத்து வையுங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், பிரஷருக்கான லிசினோப்ரில் போன்றவை வால்மார்ட்டின் 4 டாலர் பட்டியலில் இருக்கின்றன. பழைய வகை இன்சுலின் குப்பி சுமார் 25 டாலருக்குக் கிடைக்கிறது. ஆனால் அது புது வகை இன்சுலின் மாதிரி வேலை செய்யாது, அளவைத் தானாக மாற்றிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

டாக்டராக இல்லாத நண்பர்கள், தாங்கள் என்ன உதவி செய்ய முடியும் என்று கேட்கிறார்கள். நிறைய. எங்களுக்கு டாக்டரைவிட அதிகம் தட்டுப்பாடு போன் செய்பவர்களுக்குத்தான். அடுத்த சந்திப்பை நினைவூட்ட, ஆய்வுக்கூட முடிவைச் சொல்ல, மருந்து கம்பெனிகளின் இலவச மருந்துத் திட்டத்துக்கு விண்ணப்பம் நிரப்ப. ஸ்பானிஷ் தெரிந்தால் இன்னும் நல்லது. தமிழ், தெலுங்கு, இந்தி தெரிந்தவர்களுக்கும் வேலை உண்டு. பத்து வயதுப் பிள்ளை அம்மாவின் மாதவிடாய்ப் பிரச்சினையை டாக்டருக்கு மொழிபெயர்க்கும் நிலைமையை யாரும் ஏற்கக் கூடாது.

இன்னொரு வேலை ஆஸ்பத்திரி பில். லாப நோக்கில்லாத ஆஸ்பத்திரிகள் ஏழைகளுக்குக் கட்டணத்தைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ எழுத்துபூர்வமான கொள்கை வைத்திருக்க வேண்டும் என்பது 2010 சட்டம். முதல் பில் வந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் கடனில் மூழ்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பித் தருபவர், ஒரு குடும்பத்தின் வாடகைப் பணத்தைக் காப்பாற்றுகிறார். ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுன்ட்டியில் இருப்பவர்களுக்குக் ‘கோல்டு கார்டு’ என்று எல்லோரும் சொல்லும் உதவித் திட்டமும் இருக்கிறது. அதற்கும் காகிதம் சேர்த்துக் கொடுக்க ஆள் வேண்டும்.

சக மருத்துவர்கள் தயங்குவது வழக்குக்குப் பயந்து. இதில் பயம் பெரிதாக வேண்டாம். 1996இல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தின்படி, கிளினிக் முறையாக விண்ணப்பித்து ஒப்புதல் பெற்றால், அங்கே சம்பளமில்லாமல் பார்க்கும் மருத்துவர் வழக்கு விஷயத்தில் மத்திய அரசின் பொதுச் சுகாதார ஊழியராகக் கருதப்படுவார். நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது, இன்சூரன்ஸுக்கும் பில் போடக் கூடாது என்பது நிபந்தனை. சேரும் முன் அந்த ஒப்புதல் உங்கள் பெயருக்கு வந்துவிட்டதா என்று கேளுங்கள். ஓய்வுபெற்றவர்களுக்கும் இடமுண்டு. தென் கரோலினாவின் ஹில்டன் ஹெட் தீவில் ஜாக் மெக்கனல் என்ற மருத்துவர் 1994இல் தொடங்கிய கிளினிக், ஓய்வுபெற்று அந்தத் தீவில் குடியேறியிருந்த டாக்டர்களையும் நர்ஸ்களையும் வைத்தே நடந்தது. அதைப் பார்த்து வேறு ஊர்களிலும் தொடங்கினார்கள்.

சரி, எப்படித் தொடங்குவது? உங்களுக்கு வசதியான நாளைச் சொல்வதற்கு முன், எந்த நாளில் ஆள் குறைவு என்று கிளினிக்கில் கேளுங்கள். மாதம் ஒரு மாலை போதும், ஆனால் அதே மாலையாக, ஒரு வருடத்துக்காவது இருக்கட்டும். சான்றிதழ் சரிபார்க்கச் சில வாரங்கள் ஆகும், ஆகவே இப்போதே விண்ணப்பியுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் நோயாளிகளை அந்த மாதம் யார் பார்ப்பது என்று நாங்கள் ஏற்பாடு செய்துகொள்கிறோம்.