ஜீர்ணோத்தாரணம்: தமிழில் எப்படிச் சொல்வது?

எங்கள் தெருக் கோயில் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் ‘ஜீர்ணோத்தாரண அஷ்டபந்தன மகா கும்பாபிஷேகம்’ என்று போட்டிருந்தது. கொடுக்க வந்த பெரியவரிடம் பக்கத்து வீட்டுப் பையன், “ஜீரணம்னா சாப்பாடு செரிக்கிறதுதானே தாத்தா?” என்று கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டு மணியை அடிக்கப் போய்விட்டார்.

பையன் கேட்டதில் தப்பே இல்லை. வடமொழியில் ‘ஜீர்ண’ என்றால் நைந்த, மூப்படைந்த, உருக்குலைந்த என்று பொருள். வயிற்றில் சோறு உருக்குலைவதும் அதே சொல்தான். ‘உத்தாரணம்’ என்பது மேலே தூக்குவது, கரையேற்றுவது. நைந்துபோனதைத் தூக்கி நிறுத்துவது ஜீர்ணோத்தாரணம். பழைய ஏடுகளில் ‘சீரணோத்தாரணம்’ என்றும் வரும். தமிழில் ‘திருப்பணி’ என்றால் போதுமே என்பீர்கள். கோயிலுக்குப் போதும்தான். ஆனால் புதிதாகக் கோபுரம் கட்டினாலும் திருப்பணி, பழைய மண்டபத்துக்குச் சுண்ணாம்பு அடித்தாலும் திருப்பணி.

எனக்குச் சிக்கல் வந்தது வேறு இடத்தில். போரில் இடிந்த மரபுச் சின்னங்களைத் திரும்பக் கட்டுவது பற்றிய ஒரு கட்டுரையைத் தமிழில் கொண்டுவர வேண்டியிருந்தது. அங்கே எதுவும் தானாக நைந்துபோகவில்லை. ஆள் வந்து உடைத்திருக்கிறான். நாளிதழ்கள் இதற்கெல்லாம் ‘புனரமைப்பு’ என்று எழுதிவிடும். ‘புனர்’ வடமொழி, ‘மறுபடியும்’ என்று பொருள், ‘அமைப்பு’ தமிழ். பாதிக்குப் பாதி. கலப்பு என்பதற்காக நான் குறை சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கும் அதே சொல், மழைநீர் வடிகாலுக்கும் அதே சொல். பறிகொடுத்தவர் யார் என்பது அதில் தெரியவில்லை.

பறிகொடுத்த கதைக்குத் தூரம் போகவேண்டாம். இன்றைக்கு உயர் நீதிமன்றம் இருக்கும் பக்கத்தில்தான் ஒரு காலத்தில் பட்டணம் கோயில் இருந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749-இல் திரும்பக் கொடுத்தார்கள். சூடுபட்ட ஆங்கிலேயர்கள், கோட்டைக்கு வடக்கே எதிரி ஒளிந்துகொள்ள இடம் இருக்கக்கூடாது என்று நம் ஆட்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரத்தை இடித்துத் தள்ளினார்கள். அதில் 1757-இல் கோயிலும் போனது. அப்புறம் மாற்று இடமும் கொஞ்சம் பணமும் கம்பெனி கொடுக்க, மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்நின்று கட்டியதுதான் பூக்கடையில் இருக்கும் சென்ன கேசவப் பெருமாள், சென்ன மல்லீசுவரர் கோயில்கள். இடம் மாறியது, கல் மாறியது. ஆனாலும் ஊர் அதைப் பட்டணம் கோயில் என்றே கூப்பிட்டது.

இதற்குப் பொருந்துகிற சொல் ‘மீட்டெடுப்பு’ என்று எனக்குத் தோன்றுகிறது. (வீணை மீட்டுவது வேறு, அதை இதோடு குழப்பவேண்டாம்.) மீட்டல் என்றாலே, முன்பு நம்முடையதாக இருந்து இடையில் கைவிட்டுப் போனது என்று அர்த்தம். நகையை மார்வாடிக் கடையில் வைத்துவிட்டு, பணம் கட்டி ‘மீட்டேன்’ என்கிறோம். ‘வாங்கினேன்’ என்று சொல்வதில்லை. பழைய புறத்திணையில் பகைவர் கவர்ந்துபோன பசுக்களைத் திரும்ப ஓட்டி வருவது கரந்தை. அந்தச் செயலுக்குப் பெயரே ஆநிரை மீட்டல். ஆக, போருக்கும் இந்தச் சொல்லுக்கும் உறவு பழையது. சரி, ‘எடுப்பு’? ‘நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி’ என்றுதான் தஞ்சைக் கல்வெட்டில் ராஜராஜன் சொல்கிறான். எடுப்பித்தல் என்றால் எழுப்புவித்தல். உத்தாரணத்தின் ‘தூக்கி நிறுத்துதல்’ இதற்குள்ளேயே இருக்கிறது.

போஸ்னியாவின் மோஸ்தார் பாலத்தில் இந்தச் சொல் சரியாக உட்காருகிறது. 1566-இல் கட்டிய ஒற்றை வளைவுக் கல்பாலம், 1993 நவம்பர் 9 அன்று பீரங்கிக் குண்டுகளால் நெரெத்வா ஆற்றில் விழுந்தது. ஹங்கேரி ராணுவ முக்குளிப்பவர்கள் ஆற்றுக்குள் இறங்கிக் கற்களை வெளியே எடுத்தார்கள். பெரும்பாலானவை திரும்ப வைக்க முடியாதபடி சிதைந்திருந்தன. ஆகவே உள்ளூர்க் குவாரியிலிருந்து அதே வகைக் கல்லை வெட்டி, பழைய முறையிலேயே கட்டி, 2004 ஜூலையில் திறந்தார்கள். ஆற்றிலிருந்து எடுத்த கல் அதிகம் பயன்படவில்லை என்றாலும், அந்தக் கல்லைத் தேடி ஆள் இறங்கியதே மீட்டெடுப்புதான். பாலம் நின்றதும், போரில் பிரிந்துபோன இரண்டு கரை ஜனங்களும் ஒன்றாகிவிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். பிரிவு பின்னாலும் இருந்தது. நடந்து போக ஒரு வழி கிடைத்தது.

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு இந்தச் சொல் பாதிதான் பொருந்துகிறது. அதன் கட்டடத்தை வரைந்தவர் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன். நம் ஊருக்கு அதில் ஒரு பங்கு உண்டு. 1981-இல் எரித்தார்கள். 97,000-க்கும் மேற்பட்ட நூல்களும் சுவடிகளும் போயின. 1998-இல் ஆளுக்கு ஒரு புத்தகமும் ஒரு செங்கல்லும் கேட்டு இயக்கம் நடந்தது. வெள்ளைக் கட்டடம் இன்று மறுபடி நிற்கிறது. ஆகவே ‘நூலகக் கட்டடம் மீட்டெடுக்கப்பட்டது’ என்று எழுதினேன். படி எடுக்காமல் எரிந்த ஏடுகளுக்கு வந்தபோது அந்த வினை ஒத்துவரவில்லை. அங்கே ‘இழப்பு’ என்றே விட்டுவிட்டேன்.